இருபத்தைந்தை எங்கிருந்து எடுப்பது?

அமெரிக்காவில் ஒரு கம்பெனி. அதன் ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடுவது சென்னையிலோ மணிலாவிலோ இருக்கும் ஒரு சேவை நிறுவனம். ஆண்டுக் கணக்கில் சம்பளச் செலவு என்று ஒரு பெருந்தொகை நிற்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய ஆடிட்டருக்கு அது பிறந்த இடம் கண்ணில் படுவதே இல்லை. சேவை நிறுவனத்துக்கு இருநூறு வாடிக்கையாளர்கள் என்றால், இருநூறு ஆடிட்டர்களும் வந்து குடைந்தால் வேலை நடக்குமா?

அதனால் சேவை நிறுவனமே ஓர் ஆடிட்டரை அமர்த்தித் தன் உள்கட்டுப்பாடுகளைச் சோதிக்க வைத்து, அந்த ஒரே அறிக்கையை எல்லாருக்கும் கொடுக்கிறது. அமெரிக்கக் கணக்காளர் கழகம் 1992-இல் இதை சாஸ் 70 என்ற தரநிலையாக வகுத்தது. என்ரான் நிறுவனம் கவிழ்ந்தபின், 2002-இல் வந்த சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் உள்கட்டுப்பாடுகளுக்கு நிர்வாகத்தையே பொறுப்பாக்கியதும் அறிக்கைக்குக் கிராக்கி ஏறியது. 2011-இல் தரநிலை மாறியது. இன்று எஸ்ஓசி 1 என்கிறார்கள்.

இங்கே சோதிக்கப்படுவது சம்பளத் தொகை அல்ல, அந்த அலுவலகத்தின் பழக்கம். ‘வேலையை விட்டவரின் கணினி அனுமதி மறுநாளுக்குள் நீக்கப்படும்’ என்று நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. உண்மையா? மேலாளரைக் கேட்டால் ஆமாம் என்பார். வெறும் வாய்மொழியை ஆடிட்டர் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அனுமதி நீக்கப்பட்டவர்களின் பட்டியலிலிருந்து 25 பேரை எடுத்துப் பார்த்தால்? தாமதங்கள் தெரியும், ஆனால் நீக்க மறந்துபோனவர் ஒருவர்கூடச் சிக்கமாட்டார், அவர் அந்தப் பட்டியலிலேயே இல்லையே! மனிதவளப் பிரிவின் விலகியோர் பட்டியலிலிருந்து தொடங்கிக் கணினியை நோக்கிப் போக வேண்டும். இந்தத் துறையின் அழகே இந்தத் திசையில்தான் இருக்கிறது என்பேன். அந்தப் பட்டியலும் முழுமையானதா என்று அடுத்த சந்தேகம் வரும். அதனால் அதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளாமல், ஆடிட்டர் திரைக்கு முன் உட்கார்ந்து அது எடுக்கப்படுவதைப் பார்க்கிறார். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கேட்டார்கள் என்பதையும் படம் பிடித்துக்கொள்கிறார்.

அடிக்கடி நடக்கும் கட்டுப்பாட்டுக்கு 25 மாதிரிகள் எடுப்பது பரவலான வழக்கம். ஆயிரக்கணக்கில் நடப்பதற்கு இது போதுமா? நூற்றுக்கு ஒன்பது முறை தவறும் அலுவலகத்தில், குலுக்கல் முறையில் எடுத்த 25-உம் சுத்தமாக அமையும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 0.91-ஐ 25 முறை பெருக்கிப் பாருங்கள். மொத்தம் இரண்டாயிரமா இருபதாயிரமா என்பதால் இந்த விடை ஏறக்குறைய மாறுவதில்லை. சோற்றுப் பதம் பார்க்கிறவர் பானையின் அளவைக் கேட்பதில்லை. கிளறிவிட்ட பானையா என்பதுதான் முக்கியம்.

ஆனால் தவறு நூற்றுக்கு மூன்றுதான் என்றால், 25-இலும் அது தலைகாட்டாமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதி. அறிக்கை ‘நியாயமான உறுதி’ என்று அடக்கி வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகை 1, வகை 2 என்று அறிக்கை இரண்டு உண்டு. முதலாவது, குறிப்பிட்ட ஒரு நாளில் கட்டுப்பாடு ஒழுங்காக வடிவமைக்கப்பட்டிருந்ததா என்று சொல்லும். இரண்டாவது, ஆறு மாதமோ ஓராண்டோ அது நடந்தும் வந்ததா என்று சொல்லும். மேலே சொன்ன 25 கணக்கு இரண்டாவதற்குத்தான்.

வாங்கியவர்கள் முதல் பக்கத்துக் கருத்தைப் பார்த்துவிட்டு அறிக்கையை மூடி வைப்பதுண்டு. உள்ளே, தவறிய மாதிரிகள் எத்தனை என்று அட்டவணையில் இருக்கும். வாடிக்கையாளர் தன் பங்குக்குச் செய்தாக வேண்டியவையும் இருக்கும்: ‘சம்பளப் பட்டியலுக்கு ஒப்புதல் தரும் மேலாளர் உங்கள் கம்பெனியை விட்டுப் போனால், எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்’ என்பதுபோல. சொன்னார்களா என்பதற்கு இந்த அறிக்கையில் விடை கிடையாது. அதைச் சோதிக்க வேண்டியவர் வாடிக்கையாளரின் ஆடிட்டர்.