ஓடுகிற ஓணான் நடுவில் நிற்பது ஏன்?

சனத்நகர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்கள், மதில் மேல் ஓணான் வெயில் காய்வதைப் பார்த்திருக்கலாம். ஊரில் வேலியோரம் கண்ட அதே பிராணிதான். இங்கே தெலுங்கில் அதற்குத் 'தொண்ட' என்று பெயர்.

ஆள் நெருங்கினால் விருட்டென்று ஓடும். சிறிது தூரம் போனதும் நிற்கும், மறுபடியும் ஓடும். கல்லெறிகிற பையன்களுக்கு அது நிற்கிற நேரம்தான் வசதி. அடிபடுவோம் என்றிருந்தும் அது ஏன் நிற்கிறது?

விலா எலும்பே துருத்தி

மனிதன் மூச்சு இழுக்கும்போது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்னும் தசைத்திரை கீழே இறங்குகிறது. ஓணானுக்கும் பல்லிக்கும் அந்தத் திரை கிடையாது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவை இழுக்கும்போது எலும்புகள் முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் அசைகின்றன. உடற்கூடு விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. எலும்புகள் பழைய நிலைக்குத் திரும்பினால் காற்று வெளியேறுகிறது.

இரவில் டியூப்லைட் பக்கத்தில் இருக்கும் பல்லியின் விலாவைக் கவனித்தால் இது தெரியும். மூச்சை விட்டு, இழுத்து, பிறகு சிறிது நேரம் அசையாமல் இருக்கும்.

நம் விலா எலும்புகளில் பெரும்பாலானவை முதுகெலும்போடு இரண்டு இடங்களில் சேருகின்றன. பல்லி இனத்துக்கு ஒரே இடம்தான்; அதுவும் எப்பக்கமும் திரும்பக்கூடிய மூட்டு. எலிசபெத் பிரெயினர்டும் சக விஞ்ஞானிகளும் பச்சை இகுவானாவின் எலும்புகளில் சிறு உலோகக் குறிகளைப் பதித்து எக்ஸ்ரே மூலம் படமெடுத்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. மூட்டு எப்பக்கம் திரும்பினாலும், மூச்சின்போது அந்த எலும்புகள் பெரும்பாலும் வாளியின் கைப்பிடியைப் போலவே வெளிப்புறமாக அசைகின்றன என்று தெரிந்தது.

ஒரு ஆள், இரண்டு மெஷின்

சங்கடம் ஓட்டத்தில்தான். ஓணான் உடம்பை இடமும் வலமும் வளைத்து ஓடுகிறது. அப்படி வளைப்பதும் விலாப்பக்கத்துத் தசைகளே. ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் நிறுத்தினால் என்ன ஆகும்? வேகம் கூடக் கூட, பல்லி இனங்கள் இழுக்கும் மூச்சு குறைகிறது என்று அமெரிக்க விஞ்ஞானி டேவிட் கேரியர் 1987இல் எழுதினார். சுற்றுமுற்றும் பார்ப்பதற்காகவும் ஓணான் நிற்கும். ஆனால் மூச்சு வாங்குவதும் அந்த நேரத்தில்தான்.

இதற்கு ஒரு வழி கண்ட பிராணி உடும்பு. நடக்கும்போது தொண்டையை உப்பச் செய்து காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. ஆப்பிரிக்க உடும்பு ஒன்றில் இதைச் சோதித்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஓணான் அந்த அளவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மதில் மேல் நிற்கும் ஓணான் பையன்களுக்குச் சவால் விடவில்லை. விட்ட மூச்சைப் பிடிக்கிறது. பூச்சிகளைத் தின்று வாழும் அந்தப் பிராணி யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. கல்லெடுத்த கையைத் தடுக்க, வீட்டுப் பெரியவர்கள் இந்தக் காரணத்தைச் சொன்னாலே போதும்.