நிறுத்துவதற்காக ஒரு ஸ்டார்ட்டர்

மதுரை, திருச்சி, கரூர், பழனி என நான்கு திக்கிலும் ரயில்பாதை கிளம்பும் ஊர் திண்டுக்கல். பாலம் வராத இடங்களில் கேட் மூடிவிட்டால் இருபுறமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவந்த மினி லாரி, நிலக்கோட்டைப் பூ மூட்டையோடு வந்த ஆட்டோ, டவுன் பஸ், கார், மொபெட் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஆனால் ஒரே மாதிரி நிற்பதில்லை. மொபெட்காரர் கேட்டைக் கண்டதுமே வண்டியை அணைத்துவிடுகிறார். பெரிய வண்டிகள் பலவும் உறுமிக்கொண்டே இருக்கின்றன. எரிபொருள் செலவு பெரிய வண்டிக்குத்தான் அதிகம் என்பது அதை ஓட்டுபவருக்குத் தெரியாததல்ல. அப்படியிருந்தும் அணைக்காததற்குச் சோம்பல், அலட்சியம் என்று காரணம் சொல்லிவிடுவது எளிது. என் கணிப்பு வேறு. மீண்டும் கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பதுதான் ஒருவர் வண்டியை அணைப்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது. நாம் ‘செல்ஃப்’ என்று அழைக்கும் மின் ஸ்டார்ட்டரின் நூறாண்டு வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால், எஞ்சினைக் கிளப்ப வந்த கருவி செய்த பெரிய வேலை, எஞ்சினை நிறுத்தும் துணிவை மனிதனுக்குக் கொடுத்ததுதான் என்று தெரியும்.

பெட்ரோல் எஞ்சின் தானாக எழுந்திருக்காது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அழுத்தி, பொறி வைத்த பிறகுதான் அதற்கு வலு வருகிறது. அந்த முதல் சில சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது சுற்றிவிட வேண்டும். தொடக்கத்தில் அந்த யாரோ ஒருவர், வண்டியின் முன்னால் குனிந்து இரும்பு ஹேண்டிலைச் சுற்றிய மனிதர். பொறி விழும் நேரத்தைக் கையால் பின்தள்ளி வைத்துவிட்டுச் சுற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்து, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். ஹேண்டிலோடு மணிக்கட்டும் திரும்பும். மணிக்கட்டருகே ஆர எலும்பின் நுனி உடையும் ஒருவகை முறிவுக்கு மருத்துவ நூல்களில் இன்றைக்கும் ‘கார் ஓட்டியின் முறிவு’ என்றே பெயர். இத்தகைய வண்டியை ஓட்டியவர் வழியில் ஐந்து நிமிடம் நிற்கும்போது எஞ்சினை அணைப்பாரா? ஓடவிட்டுத்தான் இறங்குவார். அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இந்த வட்டாரத்தில் கிளப்பும் சிரமத்தின் உச்சம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்தது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி; தனி மாவட்டமானது 1985-இல்தான். மதுரையை மையமாகக் கொண்டு பஸ் தொழிலை வளர்த்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது கரிவாயுவில் பஸ் ஓட்ட ஒரு சாதனத்தைத் தயாரித்தது. அத்தகைய வண்டியைக் கிளப்புவது அடுப்பு மூட்டும் வேலை. உருளையில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, விசிறியைச் சுற்றிக் கனலாக்கி, எரியத்தக்க வாயு வரும்வரை காத்திருந்து, பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். கரிவாயுவில் பெட்ரோல் அளவுக்கு வலுவும் கிடையாது. ஒருமுறை கிளம்பிய பஸ்ஸை வழியில் அணைப்பது என்றால் அந்தச் சடங்கு முழுவதையும் மறுபடி செய்யத் தயாராவது. எரிபொருள் அரிதாக இருந்த காலத்தில்கூட எஞ்சினை நிறுத்துவது கட்டுப்படியாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிக்கனம் தேவை என்ற உணர்வு மட்டும் இருந்தால் போதும், வண்டிகள் அணைந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

கைச்சுற்றுக்கு மாற்று கண்டவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரில் இருந்த சார்லஸ் கெட்டரிங். மின்சாரத்தால் எஞ்சினைச் சுற்றலாம் என்ற எண்ணம் அவருக்கு முன்பும் பலருக்கு இருந்தது, காப்புரிமைகளும் இருந்தன. எஞ்சினைச் சுற்றும் வலுவுள்ள மோட்டார் என்றால் அது எஞ்சினளவு பெரிதாக இருக்கும், அதற்கான பேட்டரியை வண்டி தாங்காது என்பது மின் பொறியாளர்கள் சொன்ன தடை. நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரி. கெட்டரிங் அதற்கு முன்பு கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு மின் மோட்டார் அமைத்தவர். கல்லாப்பெட்டி திறக்கும் கணத்துக்கு மட்டும் சிறிய மோட்டாரிலிருந்து பெரிய வலுவைக் கறந்துகொள்ளலாம், அது சூடேறும் முன் வேலை முடிந்துவிடும் என்று அங்கே கற்றிருந்தார். அதே கணக்கை எஞ்சினுக்குப் போட்டார். 1911-இல் ஹென்ரி லீலண்டின் காடிலாக் நிறுவனத்துக்குச் செய்து காட்டினார். 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்கள் அதோடு வெளிவந்தன. இன்றைய செல்ஃப் மோட்டாரும் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. மோட்டாரின் சிறிய பல்சக்கரம் ஃப்ளைவீலின் பெரிய பல்வட்டத்தில் கோத்து, பத்து மடங்குக்கும் மேல் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிறது. ஒரு சாதாரண பெட்ரோல் காரில் அந்த ஒரு நொடிக்குப் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாயும். அரை நிமிடம் விடாமல் சாவியைத் திருகிப் பிடித்திருந்தால் மோட்டார் கருகிவிடக்கூடும்; அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கெட்டரிங்கின் முதல் சாதனத்தில் இன்னொரு அழகும் இருந்தது. எஞ்சினைக் கிளப்பிய அதே மோட்டார், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைனமோவாக மாறிப் பேட்டரியை நிரப்பியது. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். கிளப்புவதற்கு மெதுவான பெருவிசை வேண்டும், மின்சாரம் எடுப்பதற்கு வேகமான சுழற்சி வேண்டும். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் நன்றாகச் செய்ய அன்றைய நுட்பம் போதவில்லை.

செல்ஃப் வந்த பிறகும் நம் ஊரில் எஞ்சின்கள் ஏன் ஓய்வின்றி உறுமின என்ற கேள்வி நியாயமானது. இது என் வாதத்துக்கு எதிரான சான்று போலத் தோன்றலாம். பார்க்கப் பார்க்க அதற்கு ஆதரவாகவே நிற்கிறது. சாவி இருந்தும் ஒரே தடவையில் வண்டி கிளம்பும் என்ற உறுதி நெடுங்காலம் இல்லை. கார்புரேட்டர் வண்டி காலையில் சோக் இழுத்தால்தான் உயிர் பெறும். வெயிலில் ஓடி நிற்கும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினின் அழுத்தம் அதிகம் என்பதால் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் சுமை இன்னும் கூடுதல். பேட்டரி பழசாகிவிட்டால் சரிவான இடம் பார்த்து நிறுத்துவதும், ஆட்களைச் சேர்த்துத் தள்ளிக் கிளப்புவதும் லாரி, பஸ், அம்பாசடர் காலத்தின் பொது அறிவு. ஆட்டோவிலோ இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த நெம்புகோலை இழுத்துத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். அதாவது கருவி வந்துவிட்டது, நம்பிக்கை வரவில்லை. சென்னை பாடியில் 1961-இல் உருவான லூகாஸ்-டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது பெரிய முன்னேற்றம். ஆனால் ஸ்டார்ட்டர் ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் போதாது. எஞ்சின் முதல் சுற்றிலேயே பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதி வேலையைச் செய்தது, கணினி அளந்து தெளிக்கும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன். இரண்டாயிரத்தை ஒட்டிக் கார்களில் பரவிய அது, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது ஸ்கூட்டர் வரை வந்து சேர்ந்தது. கேட்டில் நிற்கும்போது முதலில் அணைகிற வண்டி சிறிய வண்டியாக இருப்பதன் விளக்கம் இங்கே இருக்கிறது. கிளப்ப எளிதான வண்டி எதுவோ, அதுவே முதலில் அணைகிறது.

அடுத்த படி, முடிவெடுக்கும் வேலையையே வண்டியிடம் விட்டது. 2014-இல் ஹீரோ நிறுவனம் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட் பைக்கைக் கொண்டுவந்தது. நியூட்ரலில் சில நொடிகள் நின்றால் எஞ்சின் தானாக அணையும். கிளட்சைப் பிடித்தால் தானாகக் கிளம்பும். 2015-இல் மாருதி, சியாஸ் காரில் ஸ்டார்ட்டரையும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் ஒன்றாக்கிப் பெல்ட் வழியே எஞ்சினோடு இணைத்த அமைப்பைத் தந்தது. பல்சக்கரம் கோக்கும் கரகர ஓசை இல்லாமல் மென்மையாகக் கிளம்பும் இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றிலும் கிளப்பும் மோட்டாரே மின்சாரமும் தருகிறது. கெட்டரிங் செய்து பிறர் பிரித்ததை, மின்னணு சுவிட்சுகளின் துணையோடு மறுபடி ஒட்டிவிட்டார்கள்.

இந்தத் தானியங்கி அமைப்பு உள்ள காரை வாங்கியவர்களில் பலர், சாவி போட்டதும் செய்யும் முதல் வேலை அதற்கான பொத்தானை அழுத்தி அதை முடக்குவது. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும். முதல் காரணம், அணைத்துக் கிளப்பினால் கூடுதல் பெட்ரோல் குடிக்கும் என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நின்ற இடத்தில் ஓடும் சிறிய பெட்ரோல் கார் மணிக்கு ஏறத்தாழ 600 மில்லி குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 10 மில்லி. கிளப்பும்போது 10 வோல்ட்டில் 150 ஆம்பியர் ஒரு நொடி பாய்ந்தால் செலவாகும் ஆற்றல் 1,500 ஜூல். ஒரு மில்லி பெட்ரோலில் 32,000 ஜூல் அளவுக்கு ஆற்றல் உண்டு. எஞ்சின், ஆல்டர்னேட்டர், பேட்டரி எல்லாவற்றின் விரயத்தையும் சேர்த்து ஏழில் ஒரு பங்குதான் தேறும் என்று கடுமையாகவே எடுத்துக்கொண்டாலும், அந்த 1,500 ஜூலை ஈடுகட்டச் செலவாவது மூன்றில் ஒரு மில்லி. அதாவது இரண்டு நொடி சும்மா ஓடுவதற்கான பெட்ரோல். சூடான எஞ்சின் கிளம்பும்போது தெளிக்கும் சிறு கூடுதலைச் சேர்த்தாலும், பத்து நொடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே லாபம் என்றுதான் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் சோதித்துச் சொன்னது. கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் 50 மில்லி. நாளுக்கு இரண்டு முறை அப்படி நிற்பவருக்கு மாதத்தில் மூன்று லிட்டர். ஏசி ஓடினால் இதற்கு மேல். கார்புரேட்டர் காலத்தில், சோக்கை இழுத்து ஆக்சிலேட்டரை மிதித்துமிதித்துக் கிளப்பியபோது, அந்தப் பழைய நம்பிக்கையில் உண்மை இருந்தது. எஞ்சின் மாறிவிட்டது, நம்பிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

செல்ஃப் மோட்டார் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது இரண்டாவது காரணம். சாதாரண ஸ்டார்ட்டரை நாளுக்கு நாற்பது முறை வேலை வாங்கினால் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் சோலனாய்டும் வேகமாகத் தேயும். மெக்கானிக் எச்சரிப்பதில் தவறில்லை. தானியங்கி அமைப்போடு வரும் வண்டியில் பொருத்துவது அந்த ஸ்டார்ட்டர் அல்ல. பிரஷ்ஷும் தாங்குபாகங்களும் பல மடங்கு கூடுதலான கிளப்பல்களுக்கென்றே வலுவாக்கப்பட்டவை. பெல்ட்டோடு இணைந்த வகையில் கோத்துக்கொள்ளப் பல்லே கிடையாது. ஆகவே பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. பழைய வண்டிக்காரர் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கும் இடங்களில் மட்டும் அணைத்தால் போதும். அதிலேயே லாபத்தின் பெரும்பகுதி வந்துவிடும்.

மூன்றாவது தடை வெயில். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும் சமவெளியில், எஞ்சின் அணைந்தால் பெல்ட்டில் ஓடும் ஏசி கம்ப்ரெஸரும் நின்றுவிடும். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் நிற்பவரிடம் 50 மில்லி பெட்ரோலைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. வண்டியின் கணினியும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. உள்ளே சூடு ஏறினால் எஞ்சினைத் தானே கிளப்பிவிடும். கம்ப்ரெஸர் மின்சாரத்தில் ஓடும் முழு ஹைபிரிட் வண்டிகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, அவற்றின் விலைதான் எட்டவில்லை. ஆனால் கோடையின் நண்பகலுக்காகச் சொல்லும் காரணம், மார்கழிக் காலையில் முடக்கிவைப்பதற்கும் சேர்த்துச் செல்லாது.

லாரிக்காரர்களும் பஸ் ஓட்டுநர்களும் சொல்வது தனி ரகம். நான்குவழிச் சாலையில் கரூரிலிருந்து ஒரே மூச்சில் வந்த டர்போ எஞ்சினைச் சட்டென்று அணைத்தால், டர்போவின் சுழல்தண்டுக்குப் போகும் எண்ணெய் நின்று, சூட்டில் அங்கேயே கருகிப் படியும். அதனால் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது சரியான பழக்கம். காற்று பிரேக் உள்ள வண்டியில் எங்கேனும் கசிவு இருந்தால், எஞ்சின் நின்றதும் தொட்டியில் அழுத்தம் இறங்கும். மறுபடி ஏறும்வரை வண்டியை எடுக்க முடியாது. பஸ் நிலையத்தில் கால்மணி நேரம் உறுமும் பஸ்ஸுக்குப் பின்னால், மாற்றப்படாத ஒரு காற்றுக்குழாயோ வலுவிழந்த பேட்டரியோ இருக்கக்கூடும். அந்த ஓட்டுநருக்குச் சிக்கனம் போதித்துப் பயனில்லை. பணிமனையில் அந்தக் கசிவை அடைத்து, பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் அவரே அணைப்பார். புகையைச் சுவாசித்துக்கொண்டு அங்கே நாள் முழுவதும் பூவும் பழமும் விற்பவர்களுக்கும் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எஞ்சியிருப்பது பேட்டரி. ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் பகை; பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. அடிக்கடி இறங்கி ஏறும் சுமையைத் தாங்குவதற்காகத் தானியங்கி அமைப்பு உள்ள வண்டிகளுக்குத் தனி வகைப் பேட்டரி தருகிறார்கள், விலையும் கூடுதல். மூன்றாண்டு கழித்து அது செத்துப்போகும்போது, பார்வைக்கு அதே அளவில் இருக்கும் சாதாரண பேட்டரியை மாட்டினால் வண்டி கிளம்பும், ஓடும். சில மாதங்களில் பேட்டரி தளர்ந்ததைக் கணினி உணர்ந்து, எஞ்சினை அணைப்பதையே நிறுத்திக்கொள்ளும். உரிமையாளர் அமைப்பு பழுது என்பார், பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்த வசதியை நம்பாதே என்பார். மாற்றும் நாளில் பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்த வகை என்று பார்த்து, அதையே கேட்டு வாங்க வேண்டும். முதலில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை அணைந்து நிற்கும் நிமிடங்கள் திருப்பித் தருமா என்பது எத்தனை முறை, எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. நகருக்குள்ளேயே சுற்றும் காருக்குத் தரும். வேடசந்தூரிலிருந்து புறப்பட்டு நிற்காமல் மதுரை போய்த் திரும்பும் காருக்குத் தராது.