வீட்டுப்பாடம் செய்ய மறுக்கும் பிள்ளை: பெற்றோர் என்ன செய்யலாம்?

பாடசாலை விட்டு வந்ததும் புத்தகப் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு ஓடும் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவுகட்டும் பெற்றோர் பலர். இடம்பெயர்ந்து வந்து ஒரே அறையிலோ தறப்பாள் கொட்டிலிலோ ஆறேழு பேராக வாழும் குடும்பங்களில் இந்த முறைப்பாடு அடிக்கடி எழுகிறது. ஆனால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். பயிர் வாடினால் நாம் பயிரை அடிப்பதில்லை. தண்ணீர் போதவில்லையா, வேரில் பூச்சியா, மண்ணில் குறையா என்று பார்க்கிறோம். பிள்ளையின் விடயத்திலும் முதலில் காரணத்தைத் தேட வேண்டும்.

இதனை அற்ப விடயமாக எண்ணிவிடக் கூடாது. வீட்டுப்பாடம் செய்யாமல் போகும் பிள்ளை ஆசிரியரின் ஏச்சுக்குப் பயந்து ஒருநாள் வயிற்றுவலி என்கிறது. பின்பு வாரத்தில் இரண்டு நாள் நிற்கிறது. அதன்பின் பாடம் விளங்குவதில்லை. கடைசியில் கூலி வேலைக்குப் போய்விடுகிறது. இடைவிலகல் பெரும்பாலும் இப்படிச் சிறிது சிறிதாகவே நிகழ்கிறது.

எமது நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. பாடநூல்கள் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளன. கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 14 ஆக இருந்து, 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் பிள்ளை வீட்டில் படிப்பதற்கான நேரத்தையும், இடத்தையும், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்கும் ஆளையும் எந்தத் திட்டமும் தர முடியாது. இம்மூன்றையும் குடும்பமே கொடுக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. பெற்றோர் படித்தவர்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

1. நேரம்

தண்ணீர் அள்ளுதல், விறகு பொறுக்குதல், ஆடு பார்த்தல், நிவாரண வரிசையில் இடம்பிடித்தல், தம்பி தங்கையைத் தூக்கி வைத்திருத்தல் என்று இடம்பெயர்ந்த பிள்ளைக்கு வேலைகள் பல. பெண் பிள்ளைகளின் தலையில் இவை இன்னும் கூடுதலாக விழுகின்றன. இவற்றையெல்லாம் முடித்து இருட்டில் கொப்பியைத் திறக்கும் பிள்ளைக்கு நித்திரைதான் வரும்.

பிள்ளை வேலை செய்யவே கூடாது என்பதல்ல. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோலப் படிப்புக்கும் ஒரு முறை வைக்க வேண்டும். பாடசாலை விட்டு வந்து, உண்டு, சற்று விளையாடிய பின், பொழுதுபடுவதற்கு முன்னர் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுவருக்கு அரைமணி நேரமே போதும். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணியோ அதற்குக் கூடவோ வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கடைக்கு அனுப்புவதில்லை, தண்ணீருக்கு அனுப்புவதில்லை என்று பெரியவர்கள் தமக்கே கட்டுப்பாடு விதித்துக்கொள்ள வேண்டும். பிற்பகற் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்குக் காலை நேரத்தை ஒதுக்கலாம். எந்த நேரம் என்பதைவிட, நாள்தோறும் அதே நேரம் என்பதே முக்கியம். பழகிவிட்டால் சொல்லாமலே பிள்ளை உட்காரும்.

2. இடமும் வெளிச்சமும்

மேசை கதிரை இல்லாவிட்டாலும் ஒரு பாய் விரிக்கலாம். தகரப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் அது எழுதுபலகையாகிவிடும். புத்தகங்களையும் கொப்பிகளையும் மழை படாதபடி பொலித்தீன் பையில் இட்டு ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். "பென்சிலைக் காணவில்லை" என்று தேடுவதிலேயே பாதி நேரம் போவது இதனால் குறையும். வானொலியும் தொலைபேசியும் அந்த நேரத்தில் ஓய்ந்திருக்கட்டும்.

வெளிச்சம் பிள்ளையின் இடப்பக்கமிருந்து வந்தால், வலக்கையால் எழுதும்போது நிழல் கொப்பியில் விழாது. இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கமிருந்து வர வேண்டும். மின்சாரம் இல்லாத இடங்களில் குப்பி விளக்கை மிகக் கவனமாகக் கையாள வேண்டும். மெல்லிய போத்தலில் திரி போட்ட விளக்கு சரிந்து தீக்காயம் அடைந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். அத்தகையோருக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையான, பாரமான, உருளாதபடி இரு பக்கமும் தட்டையான, திருகு மூடி கொண்ட ஒரு விளக்கை உருவாக்கினார். 'சுதீப' எனப்படும் அந்த விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அத்தகைய விளக்குக் கிடைக்காவிட்டாலும், அடி அகன்ற, மூடி இறுகிய விளக்கைச் சமதரையில் பிள்ளையின் தலைமயிரும் உடையும் படாத தூரத்தில் வையுங்கள். பகல் வெளிச்சத்திலேயே வீட்டுப்பாடத்தை முடிப்பது எல்லாவற்றிலும் நல்லது.

3. கேட்பதற்கு ஓர் ஆள்

"எங்களுக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது, நாங்கள் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். அடுப்படியில் இருந்தபடியே, "பிள்ளை, இண்டைக்கு ரீச்சர் என்ன சொல்லித் தந்தவ? எனக்கும் ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். மற்றவருக்கு விளங்கப்படுத்தும்போது பிள்ளைக்கே பாடம் தெளிவாகிறது.

கொப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். புதிய பக்கம் எழுதப்பட்டிருக்கிறதா, ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறாரா என்பதை எழுத்தறியாதவரும் கண்டுகொள்ளலாம்.

உங்களிடம் உள்ள அறிவையும் பயன்படுத்துங்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது யாழ்ப்பாணத்து விவசாயிக்குத் தெரியும். "எங்கள் காணி இரண்டரை ஏக்கர். அப்படியென்றால் எத்தனை பரப்பு?" என்று கேளுங்கள். நாற்பது என்று பிள்ளை கண்டுபிடிக்கும்போது கணக்கும் வரும், தன் ஊர்க் காணியைப் பற்றிய நினைவும் பதியும். ஆனால் வீட்டுப்பாடத்தை நீங்களோ அண்ணன் அக்காவோ செய்து கொடுக்கக் கூடாது. பிழை விட்டாலும் பிள்ளையே எழுதட்டும். எங்கே விளங்கவில்லை என்பது அப்போதுதான் ஆசிரியருக்குத் தெரியவரும்.

அப்படியும் செய்யாவிட்டால்?

இம்மூன்றும் இருந்தும் பிள்ளை மறுத்தால் வேறு காரணம் இருக்கலாம்.

முதலாவது, பாடம் விளங்காமை. இடப்பெயர்வால் ஒரு வருடம் படிப்பை இழந்த பிள்ளைக்கு வயதுக்கேற்ற வகுப்பு கிடைத்தாலும் அடிப்படை இருக்காது. பெருக்கல் தெரியாத பிள்ளை பின்னக் கணக்கை எப்படிச் செய்யும்? "தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட்டு "மாட்டேன்" என்கிறது. ஆசிரியரைச் சந்தித்து, கீழ் வகுப்புப் பயிற்சிகளைச் சில காலம் தரும்படி கேளுங்கள்.

இரண்டாவது, மனக்காயம். குண்டுச் சத்தமும் இழப்பும் கண்ட பிள்ளை புத்தகத்தைத் திறந்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டால் திடுக்கிடும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும். அடியும் ஏச்சும் இதனைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அணைத்துப் பேசுங்கள், விளையாட விடுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

மூன்றாவது, நாமே ஏற்றும் சுமை. "எல்லாவற்றையும் இழந்துவிட்டோம், இனி நீ படித்துத்தான் எங்களைத் தூக்கிவிட வேண்டும்" என்று அடிக்கடி சொல்கிறோம். பெரியவர்களாலேயே தாங்க முடியாத இழப்பைப் பத்து வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்? தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் அது முயலவே தயங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடுவதும் இதே தீங்கைச் செய்யும். "இன்றைக்கு நாலு கணக்கும் நீயே செய்துவிட்டாய்" என்று செய்த வேலையைப் பாராட்டுங்கள்.

கூடிப் படித்தல்

ஒரு வீட்டில் வசதி இல்லையென்றால் நாலைந்து குடும்பங்கள் சேரலாம். பொது மண்டபத்திலோ மரநிழலிலோ பிள்ளைகளை மாலையில் கூட்டி, சாதாரண தரம் படித்த ஒருவரை மேற்பார்வைக்கு இருத்தலாம். பெற்றோர் முறைவைத்துத் துணையிருக்கலாம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, நலன்புரி நிலையங்களிலேயே பிள்ளைகளை வளர்த்துப் படிப்பித்தன. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தபடியே பிள்ளைகள் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றினர்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. இன்று மாலை பிள்ளையுடன் பேசி, ஒரு நேரத்தை மட்டும் தீர்மானியுங்கள். ஒரு வாரம் அதனைத் தவறாது காத்துவாருங்கள். அடுத்த வாரம் கொப்பியுடன் பாடசாலைக்குச் சென்று ஆசிரியருடன் கதையுங்கள்.