ஸ்பொன்சர் மாறிய கதை

முப்பது வருசத்துக்கு முன்னர் தெல்லிப்பழைக் குடும்பம் ஒன்றில் “ஸ்பொன்சர் சரிவந்திட்டுது” என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். கனடாவில் இருக்கும் அண்ணனோ, பேசி முற்றாக்கிய மாப்பிள்ளையோ கடதாசி போட்டிருக்கிறார். இனிக் கொழும்புக்குப் போய் லொட்ஜில் தங்கி, மெடிக்கல் எடுக்க வேண்டியதுதான். 1990இல் அந்த ஊரை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது திக்குத் திக்காகச் சிதறிய குடும்பங்கள் பல, கடல் கடந்து ஒன்றுசேர்ந்தது இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். அன்று ஸ்பொன்சர் என்றால் சொந்தக்காரர்.

இன்றைக்கு அதே ஊரில், செவ்வாய்க்கிழமை துர்க்கை அம்மன் கோயிலுக்கு வந்த ஒரு தாய், “மகளை அவ வேலை செய்யிற இடமே ஸ்பொன்சர் பண்ணுதாம்” என்று சொன்னால், கேட்பவருக்குக் கதை பாதிதான் விளங்கும். மகள் ஏற்கெனவே லண்டனில்தானே இருக்கிறாள்? புருசனோடு போனவளுக்கு இன்னொரு ஸ்பொன்சர் எதற்கு?

அவள் போனது டிப்பெண்டன்ட் விசாவில், அதாவது தங்கிவாழ்பவர் விசாவில். படிக்கவோ வேலைக்கோ போகிறவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பது அது. அதில் ஒரு பெரிய சுதந்திரம் உண்டு. தொழில்முறை விளையாட்டு வீரர் வேலையைத் தவிர, அநேகமாக எந்த வேலையும், எந்த முதலாளியிடமும் செய்யலாம். பிடிக்காவிட்டால் மறுநாளே மாறலாம். முதலாளி பார்ப்பதெல்லாம், இணையத்தில் எடுத்துக் கொடுக்கும் ஒன்பது எழுத்துக் குறியீடு ஒன்றைத்தான். விசா அட்டைகள் 2024 முடிவோடு காலாவதியாகி எல்லாம் ஈ-விசாவாகிவிட்டதால், வேலை செய்யும் உரிமை இப்போது அந்தக் குறியீட்டுக்குள் இருக்கிறது.

சிக்கல், விசாவின் வேர் இன்னொருவரிடம் இருப்பதுதான். கணவரின் விசா முடியும் நாளில் மனைவியுடையதும் முடியும். உறவு முறிந்தால் வழக்கமாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வழி தேட வேண்டும். குடும்ப வன்முறையால் பிரிந்தவர்களுக்கு மூன்று மாதத் தனிச் சலுகை ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது.

ஆகவேதான் சொந்தக் காலில் நிற்க நினைப்பவர்கள் வேலை விசாவைப் பார்க்கிறார்கள். டிப்பெண்டன்ட் விசாவில் இருப்பவர், அது செல்லுபடியாகும்போதே, ஊருக்குத் திரும்பாமல் பிரித்தானியாவில் இருந்தபடியே திறன்சார் பணியாளர் விசாவுக்கு மாறலாம். விசிற் விசாவில் போனவருக்கு இந்த வழி இல்லை. மாறுவதற்கு முதலில் தேவை, உள்துறை அமைச்சின் உரிமம் பெற்ற முதலாளி. அவர் வழங்கும் அனுசரணைச் சான்றைத்தான் நம்மவர்கள் ‘கொஸ்’ என்கிறார்கள். பெயர்தான் சான்றிதழ், உண்மையில் அது கணினியில் பதிவாகும் ஓர் இலக்கம். அது கிடைத்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது சம்பளம். 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 38,700 பவுணாக ஏறிய பொது வரம்பு, 2025 ஜூலை 22 முதல் 41,700 ஆனது. அதே நாளிலிருந்து பட்டதாரி மட்டத்துக்குக் கீழுள்ள பெரும்பாலான வேலைகள் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டன. டிப்பெண்டன்டாகப் போனபோது கேட்கப்படாத ஆங்கிலப் பரீட்சையும் இப்போது குறுக்கே நிற்கும். 2026 ஜனவரி 8 முதல் அதன் தரம் பி1இலிருந்து பி2 ஆகியிருக்கிறது.

செலவையும் கணக்குப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் வைத்த கட்டணப்படி, உள்ளே இருந்து மூன்று வருட விசாவுக்கு 885 பவுண். அதோடு சுகாதார வரி வருடத்துக்கு 1,035 பவுண். மொத்தம் 3,990. தாதியர் போன்றோருக்கான சுகாதார, பராமரிப்பு விசா என்றால் 304 பவுணோடு முடிந்துவிடும். சுகாதார வரியும் இல்லை.

பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்வோரின் நிலைதான் கொஞ்சம் சிடுக்கானது. வெளிநாட்டிலிருந்து கெயார் வேலைக்கு ஆள் எடுப்பது 2025 ஜூலை 22உடன் நின்றுபோனது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் மாறும் கதவு 2028 ஜூலை 22 வரை திறந்திருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. நிபந்தனை: ஸ்பொன்சர் செய்யும் அதே முதலாளியிடம், கொஸ் கிடைக்குமுன் குறைந்தது மூன்று மாதம் சட்டப்படி வேலை செய்திருக்க வேண்டும். எந்த முதலாளியிடமும் வேலை செய்ய உரிமையுள்ள டிப்பெண்டன்டுக்கு இது கைக்கெட்டும் வழி.

ஒரு தம்பதியை உதாரணத்துக்கு எடுப்போம். 2023 செப்டெம்பரில் கணவர் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறார், மனைவி டிப்பெண்டன்ட். (2024 ஜனவரி முதல் தொடங்கும் சாதாரண மாஸ்டர்ஸ் படிப்புக்குத் துணையை அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்காரர் போன்ற சிலருக்கே அந்த வசதி.) படிப்பு முடிய அவருக்கு இரண்டு வருடப் பட்டதாரி விசா. அதை நீடிக்க முடியாது. மனைவி வேலை செய்யும் பராமரிப்பு இல்லம் அவரை ஸ்பொன்சர் செய்ய முன்வருகிறது. “இனி அவ மெயின், நான் டிப்பெண்டன்ட்” என்று கணவர் கணக்குப் போடுகிறார். கணக்குப் பிழை. 2024 மார்ச் 11 முதல், புதிதாக அந்த விசாவுக்குப் போகும் பராமரிப்புப் பணியாளர் துணையைச் சேர்க்க முடியாது. மனைவி அங்கே தங்கலாம். கணவர் தன் வழியைத் தானே பார்க்க வேண்டும். மனைவி தாதியாக ஸ்பொன்சர் பெற்றிருந்தால் இந்தத் தடை இல்லை.

இன்னொரு குழி நிரந்தர வதிவிடத்தில் இருக்கிறது. கணவர் வேலை விசாவில் இருக்க, டிப்பெண்டன்டாக மூன்று வருடம் கழித்த மனைவி தன் பெயரில் வேலை விசா எடுத்தால், புதிய பாதையில் அவருடைய எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். டிப்பெண்டன்டாக இருந்த காலம் அதில் சேராது. ஐந்து வருடம் என்றிருந்த பொதுவான காத்திருப்பைப் பத்தாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்த பிறகு, இந்த மூன்று வருடம் இன்னும் கனக்கிறது. குடும்பம் குலையாமல், கணவரின் வேலையும் உறுதியாக இருந்தால், மாறாமல் இருப்பதே சிலருக்கு இலாபம்.

மாறிய பின் சுதந்திரமும் குறையும். முதலாளி மாற வேண்டுமென்றால் புதிய கொஸ், புதிய விண்ணப்பம். முதலாளியின் உரிமம் பறிபோனால் மறுபடியும் அந்த 60 நாள். இது எங்கோ நடக்கும் கதையல்ல. 2022 ஜூலைக்கும் 2024 டிசெம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கு மேற்பட்ட உரிமங்களைப் பிரித்தானிய அரசு இரத்துச் செய்தது. அந்த நிறுவனங்களோடு தொடர்புபட்ட பணியாளர்கள் 39,000 பேருக்கு மேல்.

காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனிடம் ‘கொஸ்’ வாங்க நினைக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமக் கட்டணம், சான்றுக்கான கட்டணம், திறன் வரி ஆகியவை முதலாளியின் தலையில் விழும் செலவுகள். பணியாளரிடம் அறவிடக் கூடாது. உரிமம் பெற்ற முதலாளிகளின் பட்டியல் அரச இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. தெல்லிப்பழையில் இருந்தபடியே போனில் பார்க்கலாம். பெயர் அதில் இல்லையென்றால், காட்டப்படும் கடதாசி எவ்வளவு மினுங்கினாலும் சரிவராது.

எல்லாம் ஒழுங்காகப் போய் விண்ணப்பம் போட்டாயிற்று என்றால் முடிவுக்குச் சாதாரணமாக எட்டுக் கிழமை. அதுவரை பழைய விசாவின் நிபந்தனைகள் தொடரும், வேலைக்கும் போகலாம். ஆனால் முடிவு வருமுன் பிரித்தானியா, அயர்லாந்து எல்லையைத் தாண்டினால் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகிவிடும். “அம்மன் தேருக்கு ஒரு கிழமை வந்திட்டுப் போவன் பிள்ளை” என்று தாய் கூப்பிட்டாலும் மகளால் அசைய முடியாது. இந்த முறை அவள் தேர் பார்ப்பது பஸ்ஸில், போனில், வேலைக்குப் போகிற வழியில்.