முகம் பார்த்துப் பேசலாம் – 7: முந்நூறு கட்டங்கள்

போன வாரம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விட்டோம். 1992, டிம் டோர்சி, மேக்கின்டோஷ் கணினி, இணையத்தில் முகம் பார்த்துப் பேச அவர் எழுதிய சியூ-சீமீ என்ற இலவச நிரல். மற்றதெல்லாம் நினைவிருக்கும், இல்லாதவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒலியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உட்காரும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாரம் அதோடு போயிற்று.

சியூ-சீமீயின் சிறிய படம் அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 120. மொத்தம் 19,200 புள்ளிகள். வண்ணம் கிடையாது, கறுப்பிலிருந்து வெள்ளை வரை 16 சாயல்கள்தான். ஒரு புள்ளிக்கு 4 பிட் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 76,800 பிட். தொண்ணூறுகளின் நடுவில் வீட்டு மோடத்தில் நொடிக்கு 28,800 பிட் கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்படியே அனுப்பினால் ஒரே ஒரு படம் போய்ச்சேர இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். இங்கே நீங்கள் கைகூப்பி, இறக்கி, மூக்கையும் சொறிந்து முடித்த பிறகுதான் அங்கே அடுத்த படம் விழும்.

டோர்சி படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்தார். குறுக்கே 20, நெடுக்கே 15. ஆக 300 கட்டங்கள். கேமரா புதுப் படம் தந்ததும், ஒவ்வொரு கட்டத்தையும் கடைசியாக அனுப்பியதோடு நிரல் ஒப்பிடும். வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் மட்டுமே அந்தக் கட்டம் கிளம்பும். மற்றவை மறுமுனைத் திரையில் இருந்தபடியே இருக்கும். வாசல் கோலத்தை யாராவது மிதித்துவிட்டால் முழுவதையும் அழித்தா போடுகிறோம்? மிதித்த இடத்தை மட்டும் திருத்துகிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டங்களைச் சுமந்துபோகும் தரவுப் பொட்டலங்கள் இணையத்தில் வழியில் தொலையும். நேரலையில், தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க அவகாசமில்லை. அப்படி ஒரு கட்டம் தொலைந்தால், தலையை நகர்த்திய பிறகும் உங்கள் பழைய காது பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகவே மாறாத கட்டங்களையும் அவ்வப்போது ஒரு சுற்று அனுப்பி வைத்தது நிரல். அந்தச் சுற்று வரும்வரை காது சுவரில்தான்! இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கட்ட யோசனையின் மூலம் டோர்சியுடையதல்ல. பெல் ஆய்வகத்தின் மவுண்ட்ஸ் என்பவர், மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்பும் முறையை 1969லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். மறு ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் பெல் நிறுவனத்தின் படத்தொலைபேசிச் சேவை தொடங்கியது, சீந்துவாரில்லை. இருபதாண்டு கழித்து, தனிப் பெட்டியோ சிறப்புச் சில்லோ இல்லாமல் மேசைக் கணினியின் சொந்த மூளையை வைத்தே அந்த முறையை ஓட்டிக்காட்டியதுதான் டோர்சியின் கெட்டிக்காரத்தனம். 1994இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் நூறு டாலருக்குள் குவிக்கேம் என்ற உருண்டைக் கேமராவை விற்கத் தொடங்கியதும் வீடுகளும் சேர்ந்துகொண்டன.

கேமரா என்றதும் கேம்பிரிட்ஜ் காப்பிப் பானை நினைவுக்கு வருகிறது. 1991இல் அங்குள்ள கணினி ஆய்வகத்தார், காப்பி மிச்சமிருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமராவை அதன் முன் நிறுத்தினார்கள். நிமிடத்துக்கு மூன்று படம். அது தாராளமாகப் போதும், பானை எங்கே ஆடப்போகிறது? 2001இல் கேமராவை நிறுத்தியபோது அந்தப் பானையை ஒரு ஜெர்மன் இதழின் இணையப் பிரிவு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது. நம் கதைக்கு இது அவசியமில்லைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டக் கணக்குப்படி, ஆடாமல் பேசுபவருக்கு வாயையும் கண்ணையும் சுற்றிச் சில கட்டங்களே மாறும், மோடமும் தாக்குப்பிடிக்கும். எங்கள் பெரியம்மாவுக்குக் கையைக் கட்டிப்போட்டால் பேச்சு வராது. அவரை சியூ-சீமீ முன் உட்காரவைத்திருந்தால் 300 கட்டமும் ஒரே நேரத்தில் வரிசையில் நின்றிருக்கும்.

இன்றைய நிரல்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஒரு பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று ஊகித்து, அந்த நகர்வை மட்டும் சொல்லியனுப்பும் அளவுக்கு வந்துவிட்டன. ஆனாலும் அசைவுக்குத்தான் செலவு, அமைதிக்கு இல்லை. மடிக்கணினியை மடியில் வைத்துத் திரையைச் சாய்த்தால் கேமரா விட்டத்தைப் பார்க்கும். அங்கே மின்விசிறி சுழலும். உங்கள் முகத்துக்குப் போகவேண்டிய பிட்டுகளை அது தின்னும். கணினியை மேசைக்கு மாற்றுங்கள், விசிறி சட்டகத்தை விட்டுப் போய்விடும். பின்னால் படபடக்கும் திரைச்சீலையையும் ஓரங்கட்டுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: அறை இருட்டாக இருந்தால் கேமரா தானே மணல்மணலாகப் புள்ளிகளை உண்டாக்கும். படத்துக்குப் படம் அவை மாறும். நீங்கள் சிலையாக உட்கார்ந்திருந்தாலும் கணினிக்கு எல்லாம் அசைவதாகவே தெரியும். ட்யூப்லைட்டை முகத்துக்கு எதிரே வைத்தாலே பாதி மங்கல் போய்விடும். வேகமான இணைப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

ஒலிக்கு இடம் தீர்ந்துவிட்டது. டோர்சியின் நிரலுக்கு முதலில் வாயே கிடையாது, படம் மட்டும்தான். இலினாய் பல்கலைக்கழகத்தின் மேவன் என்ற ஒலி நிரலை 1994இல் மேக்கின்டோஷ்காரர்களுக்காக உள்ளே சேர்த்தார்கள். விண்டோஸ்காரர்கள் 1995 வரை காத்திருந்தார்கள். அதுவும், நம் குரல் நமக்கே திரும்பிவரும் எதிரொலித் தொல்லையும் அடுத்த வாரம். ஆசிரியர் கூடுதலாக அரைப் பக்கம் தந்தால், ஒருவர் அனுப்பியதைப் பலருக்குப் பிரித்துக்கொடுத்த ‘ரிஃப்ளெக்டர்’ கணினிகளும்.

(தொடரும்)