ஓட்டுப் புரதம் ஏன் கடைசியில்?

எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, 1964-இல் கண்டறியப்பட்டது. நம் செல்லுக்குள் பெருகத் தொடங்கும்போது அது தன் மரபணுக்களை ஒரே மூச்சில் இயக்குவதில்லை. முதலில் கட்டுப்பாட்டுப் புரதங்கள், பிறகு டிஎன்ஏவை நகலெடுப்பவை, கடைசியில்தான் வெளியோட்டுக்கானவை. ஏன்? உள்ளே வைக்க டிஎன்ஏ நகல் இல்லாமல் ஓட்டை மட்டும் செய்து என்ன பயன்?

இந்த வரிசையை அது எப்படிக் கடைப்பிடிக்கிறது என்பதுதான் வியப்பு. நம் மரபணுக்கள் பலவற்றின் தொடக்கத்தில் 'டி-ஏ-டி-ஏ' என்ற எழுத்து வரிசை உண்டு. டிபிபி என்ற நம் புரதம் அதைப் பற்றிக்கொள்ள, மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் வந்து சேரும். வைரஸின் கடைசிக்கட்ட மரபணுக்களிலோ அது 'டி-ஏ-டி-டி'. ஓர் எழுத்துதான் வேறு! அதைப் பிடிப்பது பிசிஆர்எஃப்1 என்ற வைரஸ் புரதம். அதோடு இன்னும் ஐந்து வைரஸ் புரதங்கள் கைகோத்தால்தான் நம் பாலிமரேஸ் அங்கே வேலை தொடங்கும். ஆறில் ஒன்று குறைந்தாலும் ஓட்டுப் புரத உற்பத்தி படுத்துவிடும். டிஎன்ஏ நகலாக்கத்தை நிறுத்தினாலும் அதே கதிதான்.

இந்த அறுவர் கூட்டணி மனித மரபணுக்களுக்குத் தேவையே இல்லை. ஆகவே புதிய மருந்துகள் குறிவைக்க ஏற்ற இடங்களில் இதுவும் ஒன்று.