ஹவ் டு நேம் இட்?
இளையராஜா. எல்.பி. இசைத்தட்டும் சிடியும். முதல் வெளியீடு: 1986

திரைப்படத்துக்கு வெளியே இளையராஜா அமைத்த இசைத் தொகுப்பு இது. மயிலாப்பூர் சபாக்களில் சீசன் தவறாமல் ஒலிக்கும் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாஹுக்கும் இதைக் காணிக்கையாக்கினார். தனி வயலின்: வி. எஸ். நரசிம்மன்.

சிடியின் மினுங்கும் பக்கத்தில், நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அங்கே பொடி எழுத்தில் பொறித்திருக்கும் எண், அந்தத் தகடு எந்த அச்சிலிருந்து வந்தது என்பதற்கு அடையாளம். ஆலையின் பெயரும் சில தகடுகளில் இருக்கும். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் உறையின் அழகில் மயங்குவதில்லை. முதலில் இந்த வளையத்தைத்தான் படிப்பார்.

ஆரம்ப அச்சுகளை அடையாளம் காண உலகெங்கும் இதே வழக்கம்தான். 1982 ஆகஸ்ட் 17 அன்று மேற்கு ஜெர்மனியின் லாங்கன்ஹாகன் ஆலையில் சிடி உற்பத்தி தொடங்கியது. அங்கே முதலில் அச்சானவற்றுள் ஒன்று ஸ்வீடனின் அப்பா குழுவுடைய ‘தி விசிட்டர்ஸ்’. அதன் ஆரம்ப அச்சுகளை ரசிகர்கள் இன்றும் விடாமல் தேடுகிறார்கள்.

இதற்குக் காரணம் பழமை மட்டுமல்ல. பிற்கால மறுபதிப்புகள் பலவற்றில் ஒட்டுமொத்த ஒலி அளவைக் கூட்டியதால், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது. வயலின் அடங்கி ஒலித்து மெல்ல எழும் இசைக்கு இது பெரிய இழப்பு. நல்ல ஆரம்ப அச்சுகளில் அந்த ஏற்ற இறக்கம் குறையாமல் கேட்கும்.